நாலு விரக்கடை

அந்த நீல பெயின்ட் டப்பாவைக் கீழ வைம்மா. வெச்சிட்டு உள்ள வா. பயப்படாத, பொம்பளப் பிள்ளை மேல நான் கை வைக்கமாட்டேன். உங்க வெள்ள எச்சரிக்கை ஆபீஸ்ல சொல்லித்தானே அனுப்பியிருப்பாங்க, மூணாவது தெரு கடைசி வீட்டு ஆளு கையை நீட்டிடுவான், ஜாக்கிரதைன்னு. நானே சொல்லிடறேன். டில்லிபாபு மண்டையப் பொளந்தது நான்தான். இதோ இந்தக் கையாலதான். கேஸ் நடக்குது, வாய்தாவுக்கு வாய்தா போயிட்டு வரேன், எதையும் மறைக்கல. ஆனா என் தம்பி சபாபதியைக் கொன்னது யாருன்னு எந்தக் கோர்ட்டும் கேக்கல. நீயாவது கேட்டுட்டுப் போ. கோடு அப்புறம் போட்டுக்கலாம்.

ஒக்காரு. அந்தச் சேர் ஆடும், இதுல ஒக்காரு. வெள்ளத்துல ஊறின சாமான், எல்லாம் காலு விட்டுப் போச்சு. கையில என்ன அது, டியூபா? மேஸ்திரிங்க மட்டம் பாக்கற டியூப்தானே, தண்ணி ஊத்தி ரெண்டு பக்கமும் புடிக்கறது. டில்லிபாபுவும் அதே டியூபைத்தான் தோள்ல பாம்பு மாதிரி மாட்டிக்கிட்டு வந்தான். அதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது. சரி, வெச்சுக்கோ, பரவால்ல.

நான் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். தணிகைவேல்னா டிப்போல யாருக்கும் தெரியாது, விசில்காரர்னாதான் தெரியும். நூறு பேர் ஏறின பஸ்ல என் விசில் சத்தம் டிரைவர் காதுல தனியா கேக்கும். கூட்டத்தை எப்படி உள்ள தள்ளணும், எவனை இறக்கி விடணும், எவன் படியில தொங்கறதுக்குன்னே வரான், எல்லாம் ஒரு பார்வையில தெரியும் எனக்கு. அதனாலதான் ரிட்டயர் ஆனதும் இந்தத் தெரு நலச்சங்கத்துக்கு என்னைச் செயலாளரா போட்டாங்க. கேட்டு வாங்கின பதவி இல்ல.

சபாபதி எனக்கு அஞ்சு வயசு சின்னவன். கல்யாணம் பண்ணிக்கல. லேத் பட்டறையில வேலை. ஒரு நாள் மத்தியானம் பட்டறையிலயே சுருண்டு விழுந்துட்டான். பக்கவாதம். வலது பக்கம் மொத்தமா போச்சு, பேச்சும் போச்சு. நான்தான் பாத்துக்கிட்டேன். பொண்டாட்டி வேதவல்லி சோறு ஊட்டுவா, மத்ததெல்லாம் நான். மலம், மூத்திரம், குளிப்பாட்டறது எல்லாம். இதை ஏன் சொல்றேன்னா, அப்புறம் ஜனங்க பேசினதை நீயும் கேட்டிருப்ப. தம்பியைத் தண்ணியில விட்டுட்டு சண்டைக்குப் போனான்னு. பத்து வருஷம் தூக்கினவனைப் பாத்து யாரும் அப்படிப் பேசக் கூடாது.

பேச்சு வராததால என் விசிலை அவன் கழுத்துல கட்டி விட்டேன். இடது கை நல்லா இருந்துச்சு, எடுத்து ஊதிடுவான். பஸ் கணக்குதான் எங்களுக்குள்ள. ஒரு விசில்னா நில்லு, எனக்கு ஏதோ வேணும். ரெண்டு விசில்னா சரி, போலாம், ஒண்ணும் வேணாம். ராத்திரி படுக்கும்போது ரெண்டு விசில் குடுத்துட்டுத்தான் கண்ணை மூடுவான். இந்தத் தெருவே அதைக் கேட்டுத்தான் தூங்கும்.

இப்ப செவுரு விஷயத்துக்கு வரேன். நீ வரும்போது பாத்திருப்ப, என் வீட்டுக்கு அப்பால தெரு முடியற இடத்துல செங்கல் குப்பையா கெடக்குதே, அங்க அஞ்சடி ஒசரத்துக்குச் செவுரு இருந்துச்சு. அதுக்கு அந்தப் பக்கம் ஓடைக் காலனி, அதைத் தாண்டினா ஓடை. அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழையில எங்க தெருவுல முழங்கால் தண்ணி நின்னுது. ஓடையிலேர்ந்துதான் ஏறி வந்துதுன்னு எல்லாருக்கும் ஒரே பேச்சு. வெள்ளம் வருமுன்னே அணை போடணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. நான்தான் முன்ன நின்னு கட்டினேன். காலனி ஆளுங்க அந்த வழியாத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டிருந்தாங்க. செவுரு வந்ததும் ஒரு கிலோமீட்டர் சுத்திப் போக வேண்டியதாப் போச்சு, அது வேற விஷயம். ஜாதிக்காகக் கட்டின செவுருன்னு நோட்டீஸ் அடிச்சு ஒட்டினாங்க. தண்ணிக்குத்தாம்மா கட்டினோம். அந்தப் பக்கத்து தண்ணி, சாக்கடைத் தண்ணி, அது இங்க வரக் கூடாது, அவ்வளவுதான்.

டில்லிபாபு அந்தக் காலனிப் பையன். பையன்னா பையன் இல்ல, முப்பத்தஞ்சு வயசு. உங்க ஆபீஸ்ல சேந்து, போன வருஷம் சித்திரையில ஒவ்வொரு தெருவா வந்தான். பிள்ளையார் கோயில் வாசல்ல எங்களை எல்லாம் ஒக்கார வெச்சு ஒரு படத்தை விரிச்சான். கடல் சூடாவுதாம். சூடான கடல்லேர்ந்து மேகம் முன்ன விட ஜாஸ்தியா தண்ணியை மொண்டுக்கிட்டு வருதாம். ஒரு மாசத்து மழை ஒரே நாள்ல கொட்டுமாம். மண்ணெல்லாம் சிமென்ட்டு ஆயிட்டதால குடிக்க வழியில்லாம அத்தனையும் தெருவுலயே நிக்குமாம். அம்பது வருஷத்துக்கு ஒரு தடவை வந்தது இனிமே அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலும் வருமாம். நல்லாத்தான் பேசினான், ரேடியோ மாதிரி. நான் எழுந்து கேட்டேன், அவ்வளவு ஏன் தம்பி சுத்தி வளைக்கற, செவுத்தை இடிக்கணும்னு சொல்ல வந்திருக்க, அதைச் சொல்லிட்டுப் போயேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான்.

சிரிச்சிட்டு அந்த டியூபை எடுத்தான். ஒரு முனையைச் செவுத்து மேல வெச்சான், இன்னொரு முனையை என் வீட்டு கேட்டு பக்கத்துல புடிச்சான். டியூபுக்குள்ள தண்ணி எங்க நிக்குதோ அங்க நீலத்துல ஒரு கோடு. என் மார்புக்கு மேல வந்துச்சு. மெயின் ரோடு ஏற்கெனவே மேடு, அதையும் வருஷா வருஷம் பழசைச் சுரண்டாம மேல மேல போட்டு மூணடி ஏத்திட்டாங்க இல்ல, அதனால அந்தப் பக்கம் ரோடு, இந்தப் பக்கம் செவுரு, நடுவுல எங்க தெரு சட்டி மாதிரி ஆயிடுச்சுன்னான். எவ்வளவு பெஞ்சாலும் செவுரு ஒசரம்தான் தண்ணி ஒசரம், அதுக்கு மேல வழிஞ்சு போயிடும்னான். என்கிட்ட தனியா வந்து சொன்னதை மட்டும் நான் மறக்கல.

"அண்ணே, தண்ணி அந்தப் பக்கத்துலேர்ந்து வராது. தலைக்கு மேலேர்ந்து வரும். வந்தது போறதுக்குத்தான் அந்தப் பக்கம்."

என் தெருவுல, என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு எனக்குப் பாடம். கோட்டுக்குக் கீழ வெள்ளம், 2050ன்னு கொட்டை எழுத்துல எழுதினான். எழுதினானா இல்லையா, உங்க ஆபீஸ்ல போட்டோ இருக்கும், பாரு. இரண்டாயிரத்து அம்பதுன்னு எழுதிட்டு ஐப்பசியிலயே வந்தா அது யார் தப்பு? நான் காலண்டர் பாத்து நடக்கற ஆளு. அது வர்றதுக்குள்ள நானும் இருக்கமாட்டேன், சபாபதியும் இருக்கமாட்டான்னுதானே நெனப்பேன். அந்த வருஷத்தை மட்டும் போடாம இருந்திருந்தான்னா. சரி விடு.

அன்னிக்கு இன்னொண்ணு பண்ணினான். ஜன்னல் வழியா சபாபதி எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்திருக்கான். ஒரு விசில் குடுத்தான். நான் போறதுக்குள்ள டில்லிபாபு போயிட்டான். சபாபதி இடது கையால சுவத்தைக் காட்டறான், டப்பாவைக் காட்டறான். உள்ளயும் போடுன்னு கேக்கறான். அவனும் டியூபை ஜன்னல் வழியா விட்டு மட்டம் பாத்து, கட்டில் ஓரமா சுவத்துல ஒரு கோடு போட்டுட்டான். தரையிலேர்ந்து மூணடி. கட்டில்ல சாஞ்சு ஒக்காந்தா மார்புக்கு வரும், படுத்தா மூக்குக்கு மேல எங்கயோ போயிடும். சபாபதி அதைத் தடவித் தடவிப் பாத்தான். வெளிய வந்து டில்லிபாபு சொன்னான், மழைக்கு முன்னாடி இவரை மாடிக்கு மாத்திடுங்கண்ணேன்னு. வேதவல்லியும் அதையே புடிச்சுக்கிட்டா. மாடி காலியாத்தானே இருக்குதுன்னா. எப்படிம்மா மாத்தறது? அவன் பேச்சைக் கேட்டு நானே தம்பியைத் தூக்கி மாடியில வெச்சா, அந்தக் கோடு நெசம்னு சங்கச் செயலாளரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?

வைகாசியில என் பொண்ணு கௌசல்யாவைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுல வந்தாங்க. பையனோட மாமா, நெட்டையான ஆளு, கார்லேர்ந்து இறங்கினவர் நேரா அந்தக் கோடு பக்கத்துல போய் நின்னு, தன் ஒசரத்தை அளந்து பாத்துட்டு, சம்பந்தி வீட்டுக்கு வரணும்னா நீச்சல் கத்துக்கணும் போலிருக்கேன்னார். பஜ்ஜி தின்னுக்கிட்டு எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கு உடம்பெல்லாம் தீப்புடிச்ச மாதிரி இருந்துச்சு. அவங்களை அனுப்பி வெச்சிட்டு நேரா நாலாவது தெருவுக்குப் போனேன். அங்க ஒரு வீட்டுல கோடு போட்டுக்கிட்டிருந்தான். கேக்கல, பேசல. கன்னத்துல விட்டேன் ஒண்ணு. ஸ்டூலோட விழுந்தான். விழுந்தவன் வயித்துல ரெண்டு உதை. அந்த நீல டப்பாவைத் தூக்கி அப்படியே தலை மேல கவுத்தேன். கண்ணு, மூக்கு, வாயி, எல்லாம் நீலம். இருமறான், துப்பறான், நீலமா வருது. தெருவே வேடிக்கை பாத்துச்சு, ஒருத்தரும் குறுக்க வரல. நீ போட்ட கோடு உனக்கே போதுமாடான்னு கேட்டேன். அவன் எழுந்து டியூபைத் தேடி எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அன்னிக்கே சுண்ணாம்பு வாங்கி வந்து கேட்டு பக்கத்துக் கோட்டை ரெண்டு கையா அடிச்சு மறைச்சேன். ரூமுக்குள்ள அடிக்கப் போனப்போ சபாபதி சுண்ணாம்பு மட்டையைப் புடிச்சுக்கிட்டான். அந்த இடது கையில அவ்வளவு பலம் இருக்கும்னு நெனக்கல. நான் இழுக்கறேன், அவன் விடல. ஒரே ஒரு விசில் ஊதினான், நீளமா. நில்லுன்னு. தம்பியாச்சே, விட்டுட்டேன். கல்யாணம் ஆவணியில நல்லபடியா நடந்துச்சு.

ஐப்பசியில அந்த மழை. நீ எங்க இருந்த அப்போ? ஹாஸ்டல்லயா, சரி. முந்தின நாள் மத்தியானம் புடிச்சது, விடவேயில்ல. விடிஞ்சப்போ கேட்டு வரைக்கும் தண்ணி. எட்டு மணிக்கு வாசப்படி மூணும் போச்சு. மெயின் ரோட்டுலேர்ந்து அருவி மாதிரி எங்க தெருவுக்குள்ள கொட்டுது. நான் என்ன பண்ணுவேன், செவுத்தைத்தானே காப்பாத்தணும். ஒரு மணி நேரம் இங்க அங்க ஓடி ஆளுங்களைக் கூப்பிட்டு மணல் மூட்டை அடுக்கினோம் செவுத்து ஓரமா. சபாபதியை ஒரு எட்டு பாத்தேன். கட்டில் கால்ல தண்ணி இருந்துச்சு. கட்டில் மேல ரெண்டு மெத்தை போட்டு ஏத்திப் படுக்க வெச்சேன். செஞ்சேம்மா, செய்யாம இல்ல. வேதவல்லி அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, பொண்ணு கல்யாண போட்டோன்னு மாடிக்கு ஏத்திக்கிட்டிருந்தா. அரை மணி நேரத்துல வந்து தூக்கிடறேன்டான்னு அவன் கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்.

செவுத்துக்கிட்ட போனா, அந்தப் பக்கத்துலேர்ந்து டில்லிபாபு ஏறி செவுத்து மேல குதிரையில ஒக்கார்ற மாதிரி ஒக்காந்திருக்கான். கையில கடப்பாரை. கீழ நாலு பேர். எனக்கு எப்படி இருக்கும்னு நீயே சொல்லு. நான் மூட்டை மேல ஏறி நின்னு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தேன். அவங்க பக்கம் முழங்கால் தண்ணி. எங்க பக்கம் மார்பளவு. யோசிச்சுப் பாரு, எங்க கிட்ட இருக்கறதே இவ்வளவு, இதுல செவுத்தையும் ஒடைச்சு அவங்க தண்ணியையும் உள்ள விட்டா நாங்க என்ன ஆவோம்? இதைத்தான் நான் போலீஸ் கிட்டயும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதறதை நிறுத்திட்டு என் மூஞ்சியையே பாத்தார். வேற ஏதாவது சொல்லணுமான்னார். இதுக்கு மேல என்ன சொல்றது.

"அண்ணே, உள்ள சபாபதியண்ணன் இருக்காரு. மேல் வரிசைக் கல்லை மட்டும் எடுத்துடறேன். மெதுவா இறங்கிடும்ணே," அப்படின்னான் டில்லிபாபு.

கெஞ்சற மாதிரிதான் சொன்னான், பொய் சொல்லக் கூடாது. ஆனா சொல்லும்போதே ஒரு கல்லைப் பேத்துட்டான். என் கையில முட்டுக் குடுக்கற சவுக்குக் கட்டை இருந்துச்சு. முதல் அடி அவன் கை மேல. கடப்பாரை அந்தப் பக்கம் விழுந்துச்சு. வெறுங்கையால இன்னொரு கல்லை ஆட்டறான். நகமெல்லாம் ரத்தம். ரெண்டாவது அடி தோள்பட்டையில. என் ஆளுங்க மூணு பேர் வந்து அவன் காலைப் புடிச்சு உள்ள இழுக்கறாங்க, அவன் ஆளுங்க அந்தக் காலைப் புடிச்சு வெளிய இழுக்கறாங்க, துணி மாதிரி கெடந்து அல்லாடறான். கீழேர்ந்து செங்கல் பறந்து வருது. ஒண்ணு என் முன்பல்லுல. இதோ பாரு, இந்தப் பல்லு கட்டினது. வாயெல்லாம் ரத்தம், மழையில கழுவிக் கழுவி மறுபடியும் ரொம்புது.

அப்பதான் விசில் கேட்டுச்சு.

ஒரு விசில். நீளமா. மறுபடியும் ஒண்ணு. மாடியிலேர்ந்து வேதவல்லி கத்தறா, தம்பி ஊதறாருங்க, தம்பி ஊதறாருங்கன்னு. மாடிப்படி வெளிப்பக்கம், படி பாதி தண்ணிக்குள்ள, அவ எப்படி இறங்குவா. நான் கேட்டேன். காது கேக்காமலா முப்பத்தோரு வருஷம் பஸ்ல இருந்தேன். இருடா வரேன், இவனை முடிச்சிட்டு வரேன்னு கத்தினேன். அவனுக்குக் கேட்டுச்சோ என்னமோ. விசில் நிக்கவேயில்ல. டில்லிபாபுவும் கேட்டான். கேட்டதும் என்னை விட்டுட்டு உள்பக்கம் குதிக்கப் பாக்கறான், என் வீட்டுக்குப் போக. எனக்கு அப்ப அது தெரியல, என் மேலதான் பாயறான்னு நெனச்சேன். மூணாவது அடி மண்டையில விழுந்துச்சு. நெத்தியிலேர்ந்து காது வரைக்கும் பொளந்துக்கிச்சு. தேங்கா ஒடைக்கிற மாதிரி சத்தம், நானே பயந்துட்டேன். அந்தப் பக்கம் சரிஞ்சு விழுந்தான், அவன் ஆளுங்க மேட்டுப் பக்கமா இழுத்துக்கிட்டுப் போனாங்க.

அப்பறம் ரெண்டு விசில். சின்னதா, ஒண்ணு பின்னாடி ஒண்ணு.

ரெண்டு விசில்னா என்னன்னு சொன்னேன் இல்ல. போலாம், ஒண்ணும் வேணாம், நான் நல்லா இருக்கேன். அவனே குடுத்தான்மா. அண்ணன் செவுத்தைப் பாக்கட்டும்னு அவனே சொல்லிட்டான். அதை நம்பித்தான் நான் அங்கயே நின்னேன். வேதவல்லி ஒத்துக்கமாட்டேங்கறா. அது மூச்சு வாங்கினதுங்கறா. தண்ணி குடிச்சு தும்மினப்போ விசில் வாயில இருந்திருக்கும்ங்கறா. அவளுக்கு விசிலைப் பத்தி என்ன தெரியும்? ஒரு விசிலுக்கும் ரெண்டு விசிலுக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் இத்தனை வருஷம் பஸ்ல விசில் ஊதினேன்? ரெண்டுதான். நல்லாக் கேட்டேன். ரெண்டுதான்.

அதுக்கப்புறம் கால் மணி நேரம் இருக்கும். செவுத்து மேல தண்ணி வழிய ஆரம்பிச்சுது. நான் மூட்டையிலேர்ந்து இறங்கலாம்னு காலை எடுத்தேன், காலடியில ஏதோ உறுமற மாதிரி இருந்துச்சு. அடியிலேர்ந்து பேத்துக்கிட்டு மொத்தச் செவுரும் ஒரே இழுப்புல போச்சு. எங்க தெருத் தண்ணி அத்தனையும் காலனிப் பக்கம் பாஞ்சுது. கார் ஒண்ணு குப்புற உருண்டு போச்சு. என்னை ஒரு லைட்டு கம்பத்துல கொண்டு போய் அடிச்சுது, விலா எலும்பு ரெண்டு ஒடைஞ்சுது. கீழ ரெண்டு வீடு தரைமட்டம். அதுல ஒண்ணு டில்லிபாபு வீடு. அவங்க அம்மாவுக்கு இடுப்பு போச்சுன்னாங்க, பாவம்தான். ஆனா அவங்களுக்குப் போனது வீடு, எங்களுக்குப் போனது உசுரு. பத்து நிமிஷம்தான், என் வீட்டுல பொட்டுத் தண்ணி இல்ல, வெறும் சேறு. வெளிய போறதுக்கு அந்தத் தண்ணிக்கு அவ்வளவு அவசரம்.

நான் கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு எழுந்திருக்க முடியாம கெடக்கறேன். டில்லிபாபு என்னைத் தாண்டி ஓடறான். மூஞ்சி பூரா ரத்தம், ஒரு கண்ணு மூடியிருக்குது. என் வீட்டுக்குள்ள போனான். சபாபதியைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தான். சபாபதி தலை தொங்குது, வாயிலேர்ந்து தண்ணி ஊத்துது, கழுத்துல விசில் ஆடுது. தெருவுலயே போட்டு நெஞ்சை அமுக்கு அமுக்குன்னு அமுக்கறான், அவன் ரத்தம் சொட்டு சொட்டா என் தம்பி மூஞ்சியில விழுது. ரொம்ப நேரம் அமுக்கினான். யாரோ வந்து புடிச்சு இழுத்துட்டாங்க. நிமிர்ந்து என்னைப் பாத்தான்.

இதுதான் எனக்கு ஆறலம்மா. அவன் மட்டும் அன்னிக்குச் செவுத்துல ஏறாம இருந்திருந்தான்னா நான் ஏன் சண்டைக்குப் போறேன்? வீட்டுல இருந்திருப்பேன், தம்பியைத் தூக்கியிருப்பேன். என்னைச் செவுத்துக்கு இழுத்து அங்கயே நிக்க வெச்சவன் அவன். பொணத்தைத் தூக்க மட்டும் சரியா வந்துட்டான்.

அவன் கண்ணு எப்படி இருக்குது? சும்மாதான் கேட்டேன். தெரியலயா, இல்ல தெரியாதுங்கறியா? ஒரு கண்ணுலதான் பாக்கறானாம், கோர்ட்டுல பாத்தேன். மட்டம் பாக்கற வேலைக்கு ரெண்டு கண்ணும் வேணும் இல்ல. அதனாலதான் உன்னை அனுப்பியிருக்காங்க.

வா, ரூமைக் காட்டறேன். செருப்பைக் கழட்ட வேணாம், வா. வீடு பூரா பெயின்ட் அடிச்சாச்சு, இந்த ரூமை மட்டும் அடிக்கல. இதோ அவன் போட்ட கோடு. அதுக்கு மேல கலங்கலா ஒரு தடம் போகுது பாரு, அது தண்ணி நின்ன தடம். கோட்டுக்கும் அதுக்கும் எவ்வளவு, கையை வெச்சுப் பாரு. நாலு விரக்கடை. தப்பாப் போட்டிருக்கான். மட்டம் பாத்தேன், கணக்குப் போட்டேன்னு எவ்வளவு பேச்சு, கடைசியில நாலு விரக்கடை தப்பு. இதை எழுதிக்கோ, எழுதி உங்க ஆபீஸ்ல குடு. வருஷமும் தப்பு, ஒசரமும் தப்பு.

அதுவா? அது கை. சபாபதியோடது, இடது கை. ஜன்னல் கம்பியைப் புடிச்சு எழுந்து நின்னிருப்பான் போலிருக்குது, ஒத்தக் காலுல. பத்து வருஷமா நிக்காதவன். சேத்துக் கையை அங்க ஊனியிருக்கான். தடத்துக்கும் மேல, பாரு, அஞ்சு விரலும் தெரியுது. இதைத்தான் என்னால அடிக்க முடியல. மூணு தடவை மட்டையைத் தோய்ச்சுட்டு வந்தேன். தோய்ச்ச மட்டையோடவே வெளிய போயிடறேன். வேதவல்லி மாடியிலயே இருக்கா. பத்து மாசமா என் கிட்ட பேச்சு இல்ல. சோத்தைப் படியில வெச்சிட்டு மேல போயிடுவா. ராத்திரியில தூக்கம் வராது, விசில் சத்தம் இல்லாம எப்படித் தூங்கறது. நானே ரெண்டு தடவை ஊதிப் பாத்தேன் ஒரு நாள். தெரு நாய்ங்க குலைச்சுது.

சரி, வெளிய வா. அந்த லாரியில வந்து இறங்கியிருக்கற செங்கல்லைப் பாத்தியா? நம்ம சங்கத்துதுதான். நாளைக்கு மேஸ்திரி வரார், புதுச் செவுரு எழுப்பறோம். ஏன் அப்படிப் பாக்கற? பழசு அஞ்சடிதானே, அதனாலதான் வழிஞ்சுது. இந்தத் தடவை ஆறடி, நடுவுல கம்பி வெச்சு, கான்கிரீட் போட்டு. யாராலயும் கல்லைப் பேக்க முடியாது. கட்டித்தானே ஆகணும், வீட்டுல விசேஷம் வருது. கௌசல்யாவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிஞ்சு தலைப்பிரசவத்துக்கு இங்க கூட்டிட்டு வரோம். ஐப்பசியில தேதி குடுத்திருக்காங்க. மாடி வேணாம், வயித்துப் பிள்ளைக்காரி அந்த வெளிப்படியில ஏறி இறங்கக் கூடாது. சபாபதி ரூம்லதான் கட்டில் போடப் போறேன். காத்தோட்டமான ரூம்.

அழறியா என்ன? மழைத் தூறலா, சரி. டப்பாவை எடுத்துக்கோம்மா, நான் தடுக்கமாட்டேன். வெளியவும் போடு, ரூமுக்குள்ள கட்டில் ஓரமாவும் ஒண்ணு போட்டுடு. ஆனா பழைய இடத்துல போடாத. செவுரு ஒரு அடி ஏறுது இல்ல, நீயும் கோட்டை ஒரு அடி ஏத்தியே போடு. அவன் மாதிரி தப்பாப் போயிடக் கூடாது.